பீட்டர் போஸ்ட்: காரில் உட்கார்ந்து ஜெயித்தவர்

மக்களே, இது சைக்கிள் ரேஸ் பற்றிய பதிவு. "சைக்கிள் ரேஸா? ஆளை விடுப்பா" என்று ஜன்னலை மூடப் போகிறவர்கள் இன்னும் நாலு பத்தி மட்டும் படித்துவிட்டு மூடவும். நடுவுல நம்ம அம்பத்தூர் கூட வருது. :-)

ரொம்ப நாளாக மண்டையில் ஓடிக்கொண்டிருந்த கேள்வி ஒன்று. ஒருத்தர் கறாரா, கண்டிப்பா, சமயத்துல கொடுமையாவே இருந்து நிறைய ஜெயிச்சுக் காட்டிட்டார்னா, ஜெயிச்ச ஒரே காரணத்துக்காக மத்ததையெல்லாம் மறந்துடலாமா? நம்மில் பலருக்கு இதற்கு ரெடிமேட் பதில் உண்டு. "அந்த வாத்தியார் அடிச்ச அடியாலதான் நான் இன்னிக்கு இப்படி இருக்கேன்" என்று சொல்லாத ஆளே கிடையாது. ஆபீஸ் மேனேஜர், சினிமா டைரக்டர், கிரிக்கெட் கோச் எல்லோருக்கும் இதே பதில்தான். எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. ஏன் இல்லை என்று சொல்ல ஒரு டச்சுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். பேரு பீட்டர் போஸ்ட்.

ஆள் யாரு?

1933 நவம்பர் 12ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். நல்ல உயரம், அதனால் பட்டப்பெயரே 'நெட்டையர்'. சைக்கிள் ரேஸ் உலகத்தில் அவருக்கு ரெண்டு வாழ்க்கை. முதல் வாழ்க்கையில் ஓட்டினார், ரெண்டாவது வாழ்க்கையில் ஓட்ட வைத்தார்.

முதல் வாழ்க்கையை ஒரே ஒரு நாளை வைத்துச் சொல்லிவிடலாம். 1964 பாரிஸ்-ரூபே பந்தயம். வட பிரான்ஸில் வருஷா வருஷம் ஏப்ரலில் நடக்கும் ஒருநாள் ரேஸ். பாதி தூரம் நல்ல ரோடு. அப்புறம் வயக்காட்டுக்கு நடுவே கருங்கல் பதித்த வண்டிப்பாதை. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. பல்லு ஆடும், எலும்பு ஆடும், டயர் வெடிக்கும். 'வடக்கின் நரகம்' என்று செல்லப் பெயர் வேற! அந்த ரேஸை அதுவரை எந்த டச்சுக்காரரும் ஜெயித்ததில்லை. போஸ்ட் ஜெயித்தார். கடைசியில் ரூபே மைதானத்துக்குள் நாலு பேர் ஒன்றாக நுழைய, அப்போதைய உலக சாம்பியன் பெனோனி பெஹெய்ட்டை முந்தி முதலில் வந்தார்.

சராசரி வேகம் மணிக்கு 45.129 கிலோமீட்டர். 265 கிலோமீட்டர் தூரத்துக்கு, அந்தக் கல் ரோட்டையும் சேர்த்து! அன்னிக்குப் பின்காத்து நல்லா தள்ளிவிட்டது உண்மைதான். ஆனாலும் அந்த ரெக்கார்டு 2017 வரை, அதாவது 53 வருஷம், அசையவே இல்லை. கார்பன் சைக்கிள், விண்ட் டனல், இதயத்துடிப்பு மீட்டர் என்று என்னென்னவோ வந்தும் 53 வருஷம்.

ஆனால் போஸ்ட் சோறு தின்றது ரோட்டு ரேஸால் இல்லை. 'ஆறு நாள் ரேஸ்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. குளிர்காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் கூரை போட்ட அரங்குக்குள், சரிவான மரத்தளத்தில், ஆறு ராத்திரி சுத்திச் சுத்தி ஓட்டுவார்கள். ரெண்டு ரெண்டு பேராக ஜோடி. ஒருத்தன் உயிரைக் கொடுத்து ஓட்டும்போது இன்னொருத்தன் மேல் ஓரமாக மெதுவாகச் சுத்தி மூச்சு வாங்கிக்கொள்வான். பிறகு கையைப் பிடித்து முன்னால் வீசி அனுப்பி ஆள் மாற்றிக்கொள்வார்கள். கூட்டம் பீர் குடித்துக்கொண்டே பார்க்கும். பாட்டு ஓடும், பாதித் திருவிழா மாதிரி இருக்கும். இதில் போஸ்ட் 65 தடவை ஜெயித்தார். 'ஆறு நாள் ரேஸ்களின் சக்கரவர்த்தி' என்று பேர் வாங்கினார். அவரோடு ஜோடி போட்டு ஓட்டிய பாட்ரிக் செர்க்யூ என்ற பெல்ஜியக்காரர்தான் பின்னாளில் 88 ஜெயித்து அந்த எண்ணிக்கையைத் தாண்டினார்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், அவருடைய ரெண்டாவது வாழ்க்கைக்கான பாடம் எல்லாம் இந்த மரத்தளத்தில்தான் இருந்தது என்பது என் கட்சி. கூட்டாளி எப்போ களைப்பான், எப்போ அவனை இறக்கணும், எப்போ ஏத்தணும். எந்த ஊர்ல எவ்வளவு கூட்டம் வரும், அரங்குக்காரனிடம் எவ்வளவு சம்பளம் கேட்கலாம். இதெல்லாம் கால் பலம் மட்டும் இருக்கிறவனுக்கு வராது. டூர் டி பிரான்ஸில் ரைடராக போஸ்ட் சொல்லிக்கிற மாதிரி எதுவும் செய்யலை. ஆனா டைரக்டராக அதே டூரைப் புரட்டிப் போட்டார்.

இனி அம்பத்தூர்

1974ல் போஸ்ட் ஒரு இங்கிலீஷ் டீமுக்கு டைரக்டர் ஆனார். டீம் பெயர் டி.ஐ.-ராலே. ராலே என்பது நாட்டிங்காம் நகரத்து சைக்கிள் கம்பெனி. டி.ஐ. என்றால்? ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். அதே டி.ஐ.தான் சாமி! 1949ல் நம்ம முருகப்பா குழுமத்தோடு கூட்டு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியா ஆரம்பித்த அதே இங்கிலீஷ் கம்பெனி. அம்பத்தூரில் இருந்து ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் வந்தது அந்தக் கூட்டணியால்தான். அந்தத் தாய்க் கம்பெனி 1960ல் ராலேயை வாங்கியது. ஆக, நம்ம தாத்தாக்கள் கேரியரில் அரிசி மூட்டை வைத்து மிதித்த ஹெர்குலிஸுக்கும், டூர் டி பிரான்ஸில் சீறிய அந்தச் சிவப்பு-கறுப்பு-மஞ்சள் சைக்கிளுக்கும் ஒரே பூர்வீகம். இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்குக் காரணமே இல்லாம ஒரு பெருமை. :-)

டீம் ஆரம்பத்தில் இங்கிலீஷ் பையன்களுக்காக ஆரம்பித்ததுதான். சொந்த நாட்டு டீம், சொந்த நாட்டு சைக்கிள், சொந்த நாட்டு ரைடர் என்று கனவு. போஸ்ட் வந்தார், பார்த்தார், ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள டீமை ஏறக்குறைய டச்சு டீமாக மாற்றிவிட்டார். சைக்கிள் மட்டும் இங்கிலாந்திலிருந்து வந்தது. டார்பிஷயரில் இல்கெஸ்டன் என்ற ஊரில் தனிப் பட்டறை வைத்து, டி.ஐ.யின் இன்னொரு கம்பெனியான ரெனால்ட்ஸின் மெல்லிய எஃகுக் குழாயில் செய்த சட்டங்கள். ஓட்டியவர்கள் பெரும்பாலும் டச்சுக்காரர்கள், கொஞ்சம் ஜெர்மானியர், பெல்ஜியர். வேலை போன இங்கிலீஷ் ரைடர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் முதல் நாளே காட்டிவிட்டார். செண்டிமெண்ட் எல்லாம் வீட்டுல வெச்சுட்டு வா, இங்க கணக்கு மட்டும்தான்.

அந்தக் கணக்கு என்ன?

சைக்கிள் ரேஸ் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிட விளக்கம். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போகிறவனுக்குக் காற்றுத் தடை குறைவு. கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். இந்த ஒரே ஒரு பௌதிகத்தால்தான் சைக்கிள் ரேஸ் டீம் ஆட்டம் ஆனது. டீமில் ஒருத்தன் ஜெயிக்க, மத்தவன் எல்லாம் காத்து வாங்கணும். பரிசு மேடையில் நிற்பது ஒருத்தன்தான்.

போஸ்டுக்கு முன்னால் பெரும்பாலான டீம்களில் ஒரு ராஜா, மத்தவர்கள் எல்லாம் சேவகர்கள். ராஜாவுக்குக் காய்ச்சல் வந்தால் டீமுக்கே காய்ச்சல். போஸ்ட் இதை மாற்றினார். ஒரே டீமில் அஞ்சாறு ராஜாக்களை வைத்தார். யான் ராஸ், கெரி க்னேடமன், ஹென்னி கைப்பர், ஹெங்க் லுபர்டிங் என்று எவனும் எந்த நாளும் ஜெயிக்கக்கூடியவன். ஒருத்தன் முன்னால் பிய்த்துக்கொண்டு போனால் மத்த ராஜாக்கள் பின்னால் கூட்டத்தை அமுக்கிப் பிடிப்பார்கள். எதிராளி அவனைத் துரத்திப் பிடித்தால் அடுத்த ராஜா கிளம்புவான். எதிராளி எத்தனை பேரைத்தான் துரத்துவான்? 1974 உலகக்கோப்பையில் டச்சு ஃபுட்பால் டீம் எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடிக் காட்டியதே, அதையே ரெண்டு சக்கரத்தில் ஏற்றினது மாதிரி.

இதுக்கு நல்ல அத்தாட்சி டீம் டைம் ட்ரையல். மொத்த டீமும் ஒரே வரிசையில், எதிராளி யாரும் பக்கத்தில் இல்லாமல், கடிகாரத்தோடு போட்டி போடும் பந்தயம். முன்னால் இருப்பவன் சில நொடி இழுத்துவிட்டு விலகி வரிசையின் வாலுக்குப் போவான், அடுத்தவன் இழுப்பான். ஒருத்தன் வீராப்பாக வேகம் கூட்டினால் நாலு பேர் பிய்ந்து போவார்கள், டீம் நேரம் போச்சு. நம்ம பக்கம் தேர் இழுக்கிற மாதிரிதான். தனி ஆள் பலத்தைக் காட்டினால் வடம்தான் அறும். 1979, 1980, 1981 மூணு வருஷமும் டூர் டி பிரான்ஸில் வருஷத்துக்கு ரெண்டு டீம் டைம் ட்ரையல் இருந்தது. ஆறையும் டி.ஐ.-ராலே ஜெயித்தது. ஆறுக்கு ஆறு!

1980 அதன் உச்சம். அந்த வருஷம் யோப் ஜூடெமெல்க் என்ற 33 வயசுக்காரரை போஸ்ட் டீமுக்குக் கொண்டுவந்தார். பாவப்பட்ட மனுஷன். 1970, 71, 76, 78, 79 என்று அஞ்சு தடவை டூரில் ரெண்டாம் இடம். 'இவர் ஆயுசுக்கும் ரெண்டாவதுதான்' என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அந்த டூரில் ராலே டீம் பத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஜ்களை அள்ளியது. தினமும் சாயங்காலம் பார்த்தால் அதே சிவப்பு-கறுப்பு-மஞ்சள் பனியன். நடப்பு சாம்பியன் பெர்னார்ட் ஈனோ முழங்கால் வலியோடு போராடி, மஞ்சள் ஜெர்சி தன் மேல் இருக்கும்போதே, போ நகரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக விலகிப் போனார். மறுநாள் மஞ்சள் ஜெர்சியைப் போட ஜூடெமெல்க் மறுத்துவிட்டார். 'நான் ஜெயிச்சு வாங்கினது இல்லையே' என்ற கூச்சம். அந்த மனுஷனை எனக்குப் பிடிக்க அந்த ஒரு காரியம் போதும். பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது அவர்தான் சாம்பியன். 1968ல் யான் யான்சனுக்குப் பிறகு டூரை ஜெயித்த ரெண்டாவது டச்சுக்காரர். இதை எழுதும்வரை மூணாவது டச்சுக்காரர் வரவில்லை.

'ஈனோ விலகினதாலதான் ஜெயிச்சார்' என்று அப்போதே சொன்னார்கள், இப்பவும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். மழையிலும் குளிரிலும் தினமும் ஒரு டீம் வேகத்தை ஏத்திக்கிட்டே இருந்தா யார் முழங்கால்தான் தாங்கும்? ஈனோவின் முழங்காலை போஸ்ட் உடைக்கலை. ஆனா அந்த முழங்காலுக்கு ஓய்வும் கொடுக்கலை.

இது வரைக்கும் எல்லாம் சரி. இப்போ கசப்பான பகுதி.

போனவர்கள் பட்டியல்

அதே 1980 டூரில் ரெண்டாவது வந்தது யார் தெரியுமா? ஹென்னி கைப்பர். 6 நிமிஷம் 55 நொடி பின்னால். பிரெஞ்சு பெஜோ டீமின் பனியனில். இந்தக் கைப்பர் 1976 முதல் 78 வரை போஸ்டின் ஆள். 1977 டூரில் வெறும் 48 நொடியில் பெர்னார்ட் தெவெனேயிடம் கோட்டை விட்டவர். (தெவெனே பின்னாளில் கார்ட்டிசோன் போட்டுக்கொண்டதை ஒப்புக்கொண்டார். அது தனிக் கதை. அந்தக் காலத்தில் யாரும் சுத்த வெள்ளை இல்லை. ஜூடெமெல்க்குக்கே 1979ல் ஊக்கமருந்துக்காகப் பத்து நிமிஷம் அபராதம் விழுந்தது.) டீமுக்கு முதல் தடவையாக டூர் மேடையைக் காட்டிய ஆள் ஏன் போனார்?

கைப்பர் மட்டும் இல்லை. டீட்ரிச் தூராவ் என்ற ஜெர்மன் பையன். 1977 டூரில் 22 வயசில் முதல் நாளே மஞ்சள் ஜெர்சியைப் பிடித்து 15 நாள் வைத்திருந்தான். ஜெர்மனியே பைத்தியமாகத் திரிந்தது. சீசன் முடிந்ததும் வேற டீம். யான் ராஸ் 1977ல் ஒரு வருஷம் வேற டீமுக்குப் போய், போன இடத்தில் மிலான்-சான்ரெமோவையும் ஆம்ஸ்டெல் கோல்டையும் ஜெயித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஒவ்வொருத்தர் போனதுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும். சம்பளம் ஒரு பெரிய காரணம். ஆனால் போஸ்டிடம் ஓட்டியவர்கள் சொன்னதில் பொதுவாக ஒன்று தெரிகிறது. அவர் சொன்னதுதான் சட்டம். உடை இப்படி, நடை இப்படி, ரேஸ் இப்படி. எதிர்த்துப் பேச இடம் கிடையாது. அஞ்சாறு ராஜாக்களை ஒரே கூட்டில் அடைத்தவர், அவர்களை ராஜாக்களாக நடத்தத் தயாராக இல்லை. ரோட்டில் எல்லாரும் சமம். காருக்குள்ளே ஒரே சக்கரவர்த்தி.

இது வெடித்தது 1983ல். வெடி வைத்தது யான் ராஸ்.

ராஸ் பற்றி ஒரு பத்தி சொல்லியே ஆகணும். ஜீலாந்துக்காரர், கண்ணாடி போட்ட ரைடர். பார்த்தால் பேங்க் கேஷியர் மாதிரி இருப்பார். ஆம்ஸ்டெல் கோல்ட் ரேஸை அஞ்சு தடவை ஜெயித்ததால் அந்த ரேஸுக்கே 'ஆம்ஸ்டெல் கோல்ட் ராஸ்' என்று பேர் மாற்றிக் கிண்டல் செய்தார்கள். 1979ல் உலக சாம்பியன், 1982ல் பாரிஸ்-ரூபே, ஃப்ளாண்டர்ஸ் ரெண்டு தடவை. ரோட்டில் போஸ்டின் மூளையாக இருந்தவர் அவர்தான். போஸ்ட் காரில் போட்ட கணக்கை சைக்கிளில் உட்கார்ந்து நடத்திக் காட்டியது ராஸ். அப்படிப்பட்டவருக்கு ஒரு கட்டத்தில் 'நாமளே காரில் உட்காரலாமே' என்று தோணாமல் இருக்குமா? ரெண்டு மூளை, ஒரு டீம். ஒத்து வரலை.

1983 சீசன் முடிவில் ராலே பணம் போடுவதை நிறுத்த, டீம் ரெண்டாகப் பிளந்தது. ஒரு கூட்டம் போஸ்டோடு பானசோனிக் டீமுக்கு. இன்னொரு கூட்டம் ராஸோடு குவாண்டம் டீமுக்கு. குவாண்டம் என்றால் ஏதோ விஞ்ஞானம் என்று நினைக்காதீர்கள், வீட்டுச் சாமான் விற்கும் கடை. :-)

யார் ஜெயித்தார்?

இந்த இடத்தில்தான் நான் போஸ்ட் ரசிகர்களோடு சண்டை போடுகிறேன்.

பானசோனிக் பெரிய கம்பெனி, பெரிய பணம். 1984 முதல் 1992 வரை போஸ்ட் அந்த டீமை நடத்தினார். ஜெயிக்கவில்லையா என்றால், ஜெயித்தார். 1985 ஃப்ளாண்டர்ஸ் ரேஸ் பேய்மழையில் நடந்து வெறும் 24 பேர் மட்டுமே முடித்தார்கள். முதலாவது எரிக் வாண்டராடென், ரெண்டாவது ஃபில் ஆண்டர்சன், ரெண்டு பேரும் பானசோனிக். 1990 பாரிஸ்-ரூபேயில் எடி ப்ளாங்கர்ட் ஒரு செண்டிமீட்டர் கூட இல்லாத வித்தியாசத்தில் ஸ்டீவ் பாவரை ஜெயித்தார், அதுவும் பானசோனிக். ஒருநாள் ரேஸில் அவர் கணக்கு கடைசி வரை வேலை செய்தது.

ஆனால் டூர்? அதுக்கப்புறம் ஒரு தடவை கூட இல்லை. "ஈனோ, லெமாண்ட், இண்டுரெய்ன் காலம்பா அது, யார் இருந்தாலும் தோத்திருப்பாங்க" என்பது வழக்கமான பதில். பாதி நியாயம். மீதிப் பாதிக்கு என் பதில்: 1980ல் ஈனோ இல்லையா? அப்போ ஜெயிக்க முடிந்தது, ஏனென்றால் காருக்குள் ஒரு மூளை, ரோட்டில் ஒரு மூளை என்று ரெண்டு இருந்தது. 84க்கு அப்புறம் கார் மட்டும்தான் யோசித்தது. மூணு வாரம் ஓடுகிற ரேஸை ஒரு ஆள் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே யோசித்து ஜெயிக்க முடியாது.

ராஸின் கதையைப் பாருங்கள். 1984 மிலான்-சான்ரெமோவில் கீழே விழுந்து முதுகில் அடிபட்டு, 1985ல் ரைடர் வாழ்க்கை முடிந்தது. அப்படியே டீம் காருக்கு மாறினார். அதே 1985ல் உலக சாம்பியன் ஆனது யார்? ஜூடெமெல்க்! 38 வயசில்! எந்த டீமில் ஓட்டிக்கொண்டிருந்தார்? ராஸின் குவாண்டத்தில். ஆண்கள் ரோட்டு ரேஸ் உலக சாம்பியன்களில் இன்றைக்கும் அதிக வயசுக்காரர் அவர்தான்.

ராஸ் ஒன்றும் தங்கமான மனசுக்காரர் என்று சொல்ல வரலை. அவரும் கறார்தான். குருவிடம் கத்துக்கிட்டது போகுமா? ஆனால் ஸ்பான்சர் ஓடினால் அடுத்த ஸ்பான்சர் என்று டீமைச் சாகவிடாமல் காப்பாற்றினார். சூப்பர்கான்ஃபெக்ஸ், பக்லர், அப்புறம் வேர்ட்பெர்ஃபெக்ட், நோவெல். (நம்ம கம்ப்யூட்டர் மக்கள் இந்த ரெண்டு பேரையும் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளவும்.) 1996ல் ராபோபேங்க். பிறகு பெல்கின், யும்போ, 2024 முதல் விஸ்மா-லீஸ் எ பைக். பெயர் எத்தனை மாறினாலும் அந்த டீம் 1984ல் ராஸ் பிரித்துக்கொண்டு போன கிளையின் தொடர்ச்சிதான். 2023ல் அந்த டீம் என்ன செய்தது? ஜிரோ, டூர், வுவெல்டா மூன்றையும் ஒரே வருஷத்தில் ஜெயித்தது. மூன்றுக்கும் மூணு வேறு வேறு ஆட்கள். ரோக்லிச், விங்கேகோர், கஸ். இதுவரை வேறெந்த டீமும் செய்யாதது. ஒரே டீமில் பல ராஜாக்கள்! யாருடைய கணக்கு இது?

போஸ்டின் பானசோனிக் 1992ல் முடிந்தது. அடுத்து நோவெமெய்ல் என்று ரெண்டு வருஷம். 1994ல் அவரே மூட்டை கட்டினார். அவர் கையில் வைத்திருந்த கிளை பட்டுப்போனது. கோவித்துக்கொண்டு போனவன் எடுத்துப் போன கிளைதான் மரமானது.

போஸ்ட் பள்ளிக்கூடம்

இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். கைப்பர் பின்னால் மோட்டோரோலா டீமில் டைரக்டர். க்னேடமன் 1990களில் டச்சு தேசிய அணியின் கோச் ஆகி, 2004ல் சாகும்வரை அந்த வேலையில் இருந்தார். பானசோனிக்கில் ஓட்டிய தியோ டி ரோய் ராபோபேங்க் டீமின் தலைவர். எரிக் ப்ரூகிங்க் அதே டீமில் டைரக்டர். கேஸ் ப்ரீம் டி.வி.எம். டீமின் டைரக்டர்.

இந்தப் பட்டியலைப் பார்த்துப் பெருமை மட்டும் பட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998 டூரின் ஊக்கமருந்து ரகளையில் ப்ரீமை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. 2007ல் மஞ்சள் ஜெர்சியில் இருந்த ராஸ்முசனை டூர் நடுவில் வெளியேற்றியது டி ரோய்தான், கொஞ்ச நாளில் அவரும் வேலையை விட்டார். 'ஜெயிச்சுட்டு வா, கேள்வி கேக்காதே' என்ற வளர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதுவும் ஒரு பதில். போஸ்ட் மேல் பழி போடவில்லை. அந்தக் காலத்து மொத்த சைக்கிள் உலகமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கேள்வி கேட்பவனை வீட்டுக்கு அனுப்பும் இடத்தில், கேட்க வேண்டிய கேள்வியும் சேர்ந்தேதான் வீட்டுக்குப் போகும்.

கடைசியா என் தீர்ப்பு

போஸ்ட் பெரிய ஆள். அதில் சந்தேகமே இல்லை. டீம் என்றால் என்ன என்று சைக்கிள் உலகத்துக்குக் கத்துக்கொடுத்தவர். கணக்கில் அவர் சொன்னது அத்தனையும் சரி. ஆறுக்கு ஆறு அடித்த ஆளிடம் யார் வாதாட முடியும்?

ஆனால் அவர் ஜெயித்தது கண்டிப்பால்தான் என்பதை மட்டும் நம்ப மாட்டேன். கண்டிப்பு 1974ல் இருந்தது, 1980ல் இருந்தது, 1990லும் இருந்தது. மாறியது பக்கத்தில் இருந்த ஆட்கள். நல்ல மூளையும் நல்ல காலும் பக்கத்தில் இருந்தவரை டூர் வந்தது, அவர்கள் கிளம்பிப் போனதும் டூரும் போனது. ஜெயிப்பு அவருடைய கணக்கால் வந்தது. பிரிவு அவருடைய சுபாவத்தால் வந்தது. ரெண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி 'கண்டிப்பா இருந்தாதான்யா ஜெயிக்க முடியும்' என்று விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

2011 ஜனவரி 14 அன்று, 77 வயசில், ஆம்ஸ்டர்டாமிலேயே போஸ்ட் இறந்துபோனார். அவர் கட்டின டீம் ஒன்றும் அப்போது பாக்கி இல்லை. அவரோடு சண்டை போட்டுக்கொண்டு போனவர் ஆரம்பித்த டீம் அன்னிக்கு ஆரஞ்சு-நீலப் பனியனில் ராபோபேங்க் என்ற பேரில் ஓடிக்கொண்டிருந்தது.

உங்க ஆபீஸிலும் ஒரு போஸ்ட் இருப்பார். அவர் ஜெயிக்கிறாரா என்று மட்டும் பார்க்காதீர்கள். போன மூணு வருஷத்தில் அவரை விட்டு யார் யார் போனார்கள், போய் என்ன ஆனார்கள் என்றும் ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். என்னை மாதிரி உங்களுக்கும் கருத்து மாறலாம். மாறலைன்னா பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க, நான் ரெடி.

கொசுறு: அந்த 45.129 ரெக்கார்டை 2017ல் 45.204 வேகத்தில் உடைத்தவர் பெல்ஜியத்தின் கிரெக் வான் ஆவெர்மாட். 2023ல் 46.841, 2024ல் 47.802 என்று அதையும் தூக்கிச் சாப்பிட்டவர் மத்தியூ வான் டெர் பூல். அவர் டச்சுக்காரர். நெட்டையர் இருந்திருந்தால் நம்பரைக் கேட்டு முகம் சுளித்திருப்பார். நாட்டைக் கேட்டு கொஞ்சம் சிரித்திருப்பார்னு நினைக்கிறேன். :-)